கீழ்த் தட்டின் பொட்டு

ஆபீஸ் இயந்திரத்தின் கீழ்த் தட்டுக்குப் பொட்டு வைத்தது நான்தான். மேல் தட்டுக்கும் நான்தான் வைத்தேன். ஆனால் கீழ்த் தட்டில் வைத்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முழங்கால் போன பிறகு மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியவில்லை. தோட்டத்து ஆபீசில் கூட்டிப் பெருக்கி, தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை. யாராவது எதையாவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் பேச மாட்டேன். வெளி ஆள் வந்தால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த இயந்திரம் ஆபீசின் பின் அறையில் இருக்கிறது. அரிசி மூட்டையை நிறுத்தி வைத்த உயரம்தான் இருக்கும். முன்பக்கத்தில் இழுப்பறைபோல இரண்டு தட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று. ஒவ்வொன்றிலும் கடுகு அளவுக்கு ஒரு விளக்கு. கிராணியம்மா அதைச் சர்வர் என்பார். ஆபீசில் கணக்கு எழுதுபவரைக் கிராணி என்போம், எங்கள் தோட்டத்துக்கு முதல் பெண் கிராணி அவர். நாற்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

“நீங்களும் சர்வர், அதுவும் சர்வர் அத்தை,” என்று ஒருநாள் சொன்னார். “நீங்க தேத்தண்ணி கொண்டாந்து வைக்கிறீங்க. அது கேட்டதெல்லாம் கொண்டாந்து வைக்குது. ஒரே வித்தியாசம், அதுகிட்ட சீனி கம்மின்னு சண்டை போட முடியாது.”

போன வருஷம் ஆயுத பூசைக்குச் சில நாள் முன்பு மலையில் பெரிய இடி. இரண்டு லயன் வரிசை வீடுகளில் கரண்டு போய்த் திரும்பி வந்தது. மறுநாள் காலை பின் அறையைக் கூட்டும்போது கீழ்த் தட்டின் விளக்கு பச்சையாக இல்லை. சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியவும் இல்லை. ஆனால் அந்த அறையில் குனிந்து கூட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அது மின்னுவது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே சுவரெல்லாம் பூஞ்சணம், நடுவில் அந்தச் சிவப்பு. சீக்கிரம் கூட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

பூசைக்கு முதல் நாள் தராசு, டைப்ரைட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். அந்த இயந்திரத்துக்கு நெற்றி எது என்று பார்த்தேன். விளக்கு இருந்த இடம்தான் நெற்றி மாதிரி இருந்தது. இரண்டு விளக்கின் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன், அதன் மேல் குங்குமம். கீழே உள்ளதற்குக் கொஞ்சம் தடிப்பாகவே வைத்தேன். மின்னுவது அடங்கிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

“எடுப்பா இருக்கு அத்தை. கல்யாணப் பொண்ணு மாதிரி,” என்றார் கிராணியம்மா.

அந்தப் பொட்டு காய்ந்து இறுகி அப்படியே நின்றுவிட்டது. சாமிக்கு வைத்ததை யாரும் சுரண்டவில்லை.

இனி என் விஷயம். என்னிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் பிரஜை இல்லை என்று அர்த்தம். நான் பிறந்தது இதே தோட்டத்தில், இப்போது முட்டைக்கோஸ் போட்டிருக்கும் சரிவில் அப்போதிருந்த லயனில். பிறந்த பிள்ளைகளை அந்தக் காலத்துக் கிராணி ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி வைப்பார். அது போதும் என்று அப்பா நினைத்துவிட்டார். டவுனுக்கு இறங்கிப் பிறப்புச் சான்று எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பிரஜைகளுக்கான நீலக் கார்டு, பிள்ளைகளுக்கு நீலக் கார்டு. ஓட்டுப் போடும் நாளில் லயனே காலியாகிவிடும். நான் மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பேன். மூன்று தடவை மனுப் போட்டேன். மூன்று தடவையும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

பூசை முடிந்து அடுத்த மாதம், பழைய புத்தகங்களையெல்லாம் படம் பிடித்து இயந்திரத்துக்குள் போடச் சொல்லி மானேஜர் உத்தரவு போட்டார். கிராணியம்மா பக்கம் பக்கமாக வைத்து எடுத்தார். ஒருநாள் அடுப்படிவரை அவர் குரல் கேட்டது.

“அத்தை, இங்க வாங்க. கைய தொடச்சிட்டு வாங்க.”

போனேன். ஒரு பழுப்புப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஆங்கில எழுத்து. அவரே படித்தார். அப்பா பெயர், அம்மா பெயர், பெண் குழந்தை, தேதி, லயன் நம்பர்.  கை ஈரம் இன்னும் போகவில்லை என்று முந்தானையில் மறுபடி துடைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த மாத மழையில் புத்தகங்கள் வைத்திருந்த ஸ்டோரின் கூரை ஒழுகியது. இரண்டு வாரம் யாரும் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது புத்தகம் என்று ஒன்றும் இல்லை. ஊறிப்போன சோறு மாதிரிக் கிடந்தது. மண்வெட்டியால் வாரி வெளியே போட்டார்கள். வாரியதில் நானும் ஒருத்தி. ஆக, நான் பிறந்தேன் என்பது அந்த இயந்திரத்துக்குள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அந்தப் பக்கத்தைச் சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு நாலாவது மனுப் போட்டிருந்தேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புத்தகத்தின் பக்கங்களை அச்செடுத்து, மானேஜர் முத்திரையோடு கொண்டுவர வேண்டும். இதற்குமேல் இன்னொரு தவணை கிடையாது என்றும் எழுதியிருந்தது. திங்கட்கிழமை கிராணியம்மா அச்செடுக்கப் பார்த்தார். வரவில்லை. படத்தைத் திறக்கவே இயந்திரம் திணறியது.

“உள்ள இடமே இல்ல அத்தை. உங்க எல்லாரோட பொறந்த கதையும் போட்டு அதுக்கு வயிறு அடைச்சுப் போச்சு. ஈப்போ டவுன்லேர்ந்து மெஷின் பாக்குற ஆள் வரணும்.”

ஆள் புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வியாழனுக்கு முதல் நாள்.

காலைக் கொழுந்தைப் பத்து மணிக்குள் எடை போட்டு முடித்துவிடுவார்கள். அடுத்த கொழுந்து இரண்டு மணிக்கு லோரியில் வரும். தராசு அந்த இயந்திரத்தோடு பேசித்தான் எடையை எழுதும். இயந்திரம் தூங்கினால் தராசும் தூங்கும். அதனால் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் வேலையை முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. ஆனால் கம்போங் ராஜா ஊருக்கு முன்னால் மண் சரிந்து, ரோட்டில் ஒரு பக்கம்தான் வண்டி விட்டார்கள். அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் போகிறது.

கண்ணாடி போட்ட, கொஞ்சம் தொந்தி விழுந்த மனிதர். எங்கள் ஆள்தான், தமிழர். பின் அறைக்குள் வந்ததும் செருப்பை வெளியே விட்டார். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இரண்டு பொட்டையும் பார்த்தார். விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பலமா காவல் போட்டு வச்சிருக்கீங்க மேடம்.”

“எல்லாம் எங்க அத்தை கைவண்ணம்,” என்றார் கிராணியம்மா. “ரெண்டு மணிக்கு லோரி வந்துரும் அண்ணே. அதுக்குள்ள முடிஞ்சிருமா?”

“லயன் வீடு மாதிரி நெனச்சுக்குங்க. நடுவுல பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மெஷினோட சொந்த சாமான், பாதி ரூம் சும்மா கெடக்கு. அந்தப் பக்கம் ஆபீஸ் சாமான், காலு வைக்க எடமில்ல. நான் தடுப்ப நகத்தணும். ஆனா அந்தப் பக்கத்து சாமான் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தூக்கி இடம் மாத்தி வச்சாத்தான் தடுப்பு நகரும். அதுதான் நேரம் பிடிக்கும்.”

“தூக்கறப்ப எதாச்சும் ஒடஞ்சா?”

“அதுக்குத்தான் ரெண்டு தட்டு. கண்ணாடி மாதிரி லா. மேல எழுதினது அப்பிடியே கீழயும் எழுதிக்கும். ஒண்ண உருவி வெளிய வச்சிட்டு இன்னொண்ணுல வேலை பாப்பேன். கெட்டுப் போனா வெளிய இருக்கிறத மாட்டிக்கலாம். எப்பவும் நான் தனியா ஒரு பிரதியும் எடுத்துக்குவேன். அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“இல்லவே இல்ல. கொழுந்து வாடிப் போச்சுன்னா பெக்டரில என்னை வாட்டிருவாங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். சரி என்றார். இயந்திரத்தை அணைத்தார். கீழ்த் தட்டை உருவினார். உருவிவிட்டு எங்கே வைப்பது என்று பார்த்தார். மேசையெல்லாம் காகிதம், தரையெல்லாம் ஈரம். வாசலில் கோப்பைகளோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பொட்டு வச்சவங்களே பிடிச்சுக்குங்கம்மா. கீழ மட்டும் போட்றாதீங்க. இன்னைக்கு இந்த ஆபீசோட உசுரு உங்க மடியிலதான்.”

வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். சில்லென்று இருந்தது. ஒரு துண்டில் சுற்றி, பின் அறையிலேயே முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஏதோ ஒன்றைச் செருகி, இயந்திரத்தை மறுபடி ஏற்றி, திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். பிறகு ஒரு நீளக் கட்டம் வந்தது. அதன் இடது ஓரத்தில் நூல்போல நீலம். அந்த நீலம் வலது ஓரத்தைத் தொட்டால் வேலை முடிந்தது என்றார். மேல் தட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுதான் சாமான் தூக்கும் சத்தமாம்.

துண்டுக்குள் என் கட்டைவிரல் தன்பாட்டில் பொட்டைத் தடவிக்கொண்டிருந்தது. குங்குமம் உதிர்ந்து துண்டெல்லாம் ஆனது. அப்போதுதான் எனக்கு அந்தச் சிவப்பு ஞாபகம் வந்தது.

மேலே எழுதினால் கீழேயும் எழுதிக்கொள்ளும் என்றார். அப்படியென்றால் மேலே பச்சை, கீழே மட்டும் ஏன் சிவப்பு? ஒரே மாதிரி இருப்பது என்றால் வெளிச்சமும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது.

கேட்கலாமா என்று பார்த்தேன். கிராணியம்மா முன்னால் ஆபீசில் போன் பேசிக்கொண்டிருந்தார். ஈப்போக்காரர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். படித்த மனுஷர். பொட்டு வைத்த கிழவி மெஷினைப் பற்றி என்ன கேட்பது? சொல்லை வாய்க்குள் தயார் செய்தேன். ‘தம்பி’ என்பதுவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்ததும் கேட்கலாம் என்று இருந்தேன். வைத்தார். கேட்கவில்லை. நீலம் கால்வாசிக்கு வந்துவிட்டது.

மழை பிடித்தது. இங்கே மழை தூறலாக ஆரம்பிக்காது. தகரக் கூரையில் மண்ணை வாரிக் கொட்டியதுபோல விழுந்தது. விளக்கு ஒருதடவை மங்கி மறுபடி எரிந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்கும். அது ஒருமுறை கீச்சென்றது. அவர் முனகலை நிறுத்தினார்.

“பயப்படாதீங்கம்மா,” என்றார், நான் கேட்காமலே. “கரண்டு போயி இது செத்தாலும், ஒண்ணு உங்ககிட்ட பத்திரமா இருக்கே.”

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“தம்பி, செவப்பு வெளிச்சம் மின்னுனா என்ன அர்த்தம்?”

“எதுல?”

“இதுல.” துண்டை விரித்துக் காட்டினேன். “பொட்டுக்கு அடியில.”

அவர் என்னையே பார்த்தார். “எப்பலேர்ந்து?”

“ஆயுத பூசைக்கு முந்தி. இடி இடிச்ச மறுநாள்.”

தட்டை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் முனையால் சந்தனத்தைச் சுரண்டினார். சுரண்டிவிட்டு அந்தக் கடுகளவு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதில் ஒரு வெளிச்சமும் இல்லை. 

“இது அன்னைக்கே செத்துப்போச்சு,” என்றார் கடைசியில். “அதுக்கப்புறம் எழுதினது எதுவும் இதுல கெடையாது.”

பிறப்புப் புத்தகத்தைப் படம் பிடித்தது பூசைக்கு அப்புறம். அதை நான் சொல்லவில்லை. கிராணியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரே சொன்னார்.

“அப்ப ரிஜிஸ்டர் எல்லாம்?”

“மேல் தட்டுல மட்டும்தான் மேடம். இப்ப எத தூக்கி நகத்திக்கிட்டு இருக்கேனோ, அதுல.”

“நிறுத்துங்க அண்ணே.”

“நிறுத்த முடியாது. பாதி சாமான் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நடுவுல நிறுத்தினா எது எங்கன்னு அதுக்கே தெரியாது. முடியற வரைக்கும் விட்டுத்தான் ஆவணும்.”

கிராணியம்மா என் பக்கம் திரும்பினார். “அத்தை, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க இத்தனை மாசம்?”

துண்டில் உதிர்ந்த குங்குமத்தை விரலால் கூட்டி எடுத்தேன்.

“அவங்கள சொல்லாதீங்க மேடம்,” என்றார் அவர். “மொதல்ல அணைக்கும்போதே திரையில ஒரு வரி ஓடிச்சு. ஒரு தட்டுதான் ஓடுதுன்னு. ஓட்டமா இருந்ததால பார்த்தும் விட்டுட்டேன். லைட்டையாவது பாத்திருக்கணும். பொட்டு இருந்துச்சு. சாமி வச்சத எப்பிடிச் சுரண்டறதுன்னு கை போகல.” பிறகு, தனக்கே சொல்வதுபோல, “மேல உள்ளத உருவியிருந்தா இந்நேரம் நல்லது அம்மா மடியில இருந்திருக்கும்,” என்றார்.

நீலம் பாதியைத் தாண்டியது. யாரும் உட்காரவில்லை. மழை விடவில்லை. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு அணைந்தது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. தொழிற்சாலைப் பக்கமும் சத்தம் அடங்கிப்போனது. பேட்டரிப் பெட்டி விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது.

“எவ்ளோ நேரம் தாங்கும்?” என்றார் கிராணியம்மா.

“பழைய பெட்டி. பத்து நிமிஷம் தாங்கினா பெருசு. பெக்டரி ஜெனரேட்டர் லைன் இங்க வருதா?”

“வரும். சுவிட்ச மாத்தி விடணும். மாத்த மாட்டானுங்க, உலர்த்துற மெஷினுக்கு வேணும்பானுங்க.” சொல்லிக்கொண்டே குடையை எடுத்தார். போனில் கூப்பிட்டுப் பார்த்தார், லைன் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். இரண்டு எட்டில் குடை மடங்கியது. அதை எறிந்துவிட்டு ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

இவர் திரையை அணைத்தார். திரையும் பேட்டரியைக் குடிக்குமாம். இனி நீலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பகல் ஒரு மணிக்கு அந்த அறை அந்திபோல இருந்தது. ஜன்னலில் மழையும் மூட்டமும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருங்கம்மா,” என்றார். “டிக் டிக் இருக்கிற வரைக்கும் வேலை நடக்குது.”

“நின்னுட்டா?”

“நின்னுட்டா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதா, மெஷினே முடிஞ்சதான்னு அப்பத் தெரியாது.”

நான் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, தரையில் உட்கார்ந்து இயந்திரத்தின் பக்கவாட்டில் காதை வைத்தேன். தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. கூரையில் மழை, பக்கத்தில் பெட்டியின் கத்தல், அதற்கெல்லாம் அடியில் அந்த டிக் டிக். கொழுந்து கிள்ளும்போது நகத்தில் கேட்கும் சத்தம் மாதிரியே சின்னதாக. நான் பிறந்த பக்கத்தை அது இப்போது தூக்கிக்கொண்டிருக்கிறதா, வைத்துவிட்டதா, இன்னும் கிட்டே போகவில்லையா. அந்தப் பக்கம் அழிந்துபோனால் நாளைக்கு நான் கொண்டுபோக ஒன்றும் கிடையாது. அதற்கப்புறம் எனக்கு வேறு நாளும் கிடையாது.

பெட்டியின் கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது. பிறகு இடைவெளியே இல்லாமல் ஒரே நீளமாகக் கத்தியது. அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கத்தலுக்குள் டிக் டிக் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். மறுபடி வரவில்லை. உள்ளே விசிறி சுற்றும் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்புறம் பெட்டி வாயடைத்தது. விசிறியும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

“எது மொதல்ல நின்னுச்சு?” என்றார் அவர்.  “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டிக் டிக்கா, பெட்டியா?”

“டிக் டிக்தான் மொதல்ல.”

“நெசமா?”

“அதுக்கப்புறம் ஒரு பாட்டு அடி பாடுற நேரம் விசிறி ஓடுச்சு. அதுக்கப்புறம்தான் பெட்டி.”

வெளி ஆளிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பதினைந்து நிமிஷம் கழித்து விளக்கு எரிந்தது. ஜெனரேட்டர் லைன். கொஞ்ச நேரத்தில் கிராணியம்மா தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஈப்போக்காரர் இயந்திரத்தை ஏற்றினார். கறுப்புத் திரை. எழுத்து ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. எதையோ சரிபார்க்கிறது, தொடாதீர்கள் என்றார். நாங்கள் யாரும் தொடும் தூரத்தில்கூட இல்லை.

பிறகு வழக்கமான நீலத் திரை வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“தடுப்பு நகந்துருச்சு,” என்றார்.

வெளியே லோரி வந்து ஹாரன் அடித்தது. மணி இரண்டாகப் பத்து நிமிஷம். கிராணியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தராசைப் போடலாமா அண்ணே?” என்றார்.

“மொதல்ல அது,” என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மொதல்ல அந்தப் பக்கத்த எடுத்துக் குடுங்க. அப்புறம் தராசு.”

“அத்தை, லோரி நிக்குது.”

“நிக்கட்டும்.”

கிராணியம்மா ஒருதடவை ஜன்னல் வழியே லோரியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து புத்தகப் படங்களைத் திறந்தார். திறந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிரிண்டர் முனகியது. லோரிக்காரன் ஹாரனை விடவில்லை. காகிதம் சூடாக வெளியே வந்தது. கிராணியம்மா என் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு, நடந்து அடுப்படிக்கு வந்து கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு ஈப்போக்காரர் எல்லாப் படங்களையும் விரல் நீளக் குச்சி ஒன்றில் பிரதி எடுத்துக் கிராணியம்மாவிடம் கொடுத்தார். மேல் தட்டு இப்போது தனியாக ஓடுகிறது, துணைக்குப் புதுத் தட்டு ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அதுவரை அதைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். செத்த தட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம், “காது நல்லா இருக்கும்மா உங்களுக்கு,” என்றார்.

மறுநாள் முத்திரை போட்ட காகிதங்களோடு கிராணியம்மா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அலுவலகத்தில் இருந்த பெண்மணி பொறுமையாகத்தான் பேசினார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் பிறந்ததை எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தினார். பிறகு தலையை நிமிர்த்தி மலாயில் கேட்டார்.

“யாங் அசால் மானா?”

எனக்கு மலாய் அதிகம் வராது. ஆனால் அந்தச் சொல் புரிந்தது. நமக்கு அசல் என்றால் அவர்களுக்கும் அசால்தான். அசல் எங்கே என்று கேட்கிறார்.

கிராணியம்மா எடுத்துச் சொன்னார். கூரை ஒழுகியது, புத்தகம் கரைந்தது, அதற்கு முன்பே படம் பிடித்தது, எல்லாம். குச்சியையும் எடுத்து வைத்தார். அந்தப் பெண்மணி அதைத் தொடவில்லை. இதுவும் நகல், அதுவும் நகல் என்றார். படத்தை முதன்முதலில் எந்த இயந்திரத்தில் பதிந்தார்களோ அதை நேரில் வந்து பார்க்க வேண்டும், என்றைக்குப் பதிந்தது என்று அதிலேயே பார்க்க வேண்டும், ஆள் வருவார்கள் என்றார். என்றைக்கு என்று கேட்டதற்கு, அடுத்த மாதம், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதம் என்றார். மனுவை மூடவில்லை. அதை ஒரு பச்சைக் கோப்பில் வைத்து ஓரமாகத் தள்ளிவைத்தார்.

திரும்பி வரும்போது திரிங்காப் ஊரைத் தாண்டியதும் கிராணியம்மா காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “அந்த ஆளுங்க வர்ற வரைக்கும் மேல் தட்டு உசுரோட இருக்கணும் அத்தை,” என்றார்.

அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. ஆள் இன்னும் வரவில்லை. புதுத் தட்டும் வரவில்லை. அந்த மாதிரி இப்போது கடையில் இல்லையாம், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் பின் அறைக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேல் தட்டின் சந்தனத்தை நானே சுரண்டி எடுத்துவிட்டேன். விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்பேன். பிறகுதான் தண்ணீர் வைப்பேன்.

இன்று காலையும் போனேன். விளக்கு பச்சைதான். காதை வைத்தேன். டிக் டிக் இருந்தது. ஆனால் நாலைந்துக்கு ஒருதடவை அது இழுத்தது. நகத்தால் தகரத்தைக் கீறுவது மாதிரி. முதலில் என் காதுதான் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் கீறியது.

யாரும் வராத நேரம். முந்தி என்றால் தண்ணீர் வைக்கப் போயிருப்பேன். ஆபீஸ் போனை எடுத்துக் கிராணியம்மாவைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் எடுத்தார்.

“சத்தம் மாறியிருக்கு கிராணியம்மா.”

“என்ன சத்தம் அத்தை?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேளுங்கள் என்று சொல்லி, போனின் கம்பி எட்டும்வரை இழுத்துக்கொண்டு போய், இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.